கல்லூரி மாணவருக்குக் கையடக்கக் குறிப்பேடு: எதை வாங்குவது, எவ்வளவுக்கு?

ராஜபாளையத்தில் நமக்கு அறிமுகமான ஒரு குடும்பம். அத்தா நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கல்வி உதவித்தொகையைப் புதுப்பிக்க வேண்டிய கடைசி நாள் அவருக்குத் தெரியாமலேயே கடந்து போய்விட்டது. தெரியாமல் என்று சொல்வதும் சரியில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. அவரும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தார். அந்தப் படம் மற்ற நானூறு படங்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்தது. கையில் இருந்ததோ பதினெட்டாயிரம் ரூபாய் போன். "அத்தா, இதுல எல்லாமே இருக்கு, காலேஜுக்கு இது போதும்" என்று சொல்லித் தவணையில் வாங்கியது. உதவித்தொகை போன மாதத்தில் இன்னும் ஐந்து தவணை பாக்கி இருந்தது.

ஜூன், ஜூலை வந்துவிட்டால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம்மிடம் பெற்றோர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" போனா, கைக்கணினியா, மடிக்கணினியா என்று கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அது என்ன வேலை செய்ய வேண்டும் என்பது. மேலே சொன்ன மாணவருக்குத் தேவைப்பட்டது கேமராவோ வேகமோ அல்ல. தேதியை எழுதி வைத்து, அந்தத் தேதி வரும் முன் தட்டி எழுப்பும் ஒரு குறிப்பேடு.

அத்தகைய கருவிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1990களில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களின் சட்டைப்பையில் கேசியோ டிஜிட்டல் டைரி இருந்ததைப் பலர் பார்த்திருப்போம். மடக்கினால் பர்ஸ் அளவு. உள்ளே தொலைபேசி எண்கள், நாள்குறிப்பு, அலாரம், கால்குலேட்டர். அதற்கும் முன்பே, 1984இல், பிரிட்டனின் சியான் நிறுவனம் 'ஆர்கனைசர்' என்ற பெயரிலேயே ஒரு கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. டிஜிட்டல் டைரியின் குறை, பட்டன் செல் தீர்ந்து, உள்ளிருக்கும் மாற்றுச் செல்லும் தீர்ந்திருந்தால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். வேறு பிரதி கிடையாது. பத்து ஆண்டு எண்களை ஒரே நாளில் இழந்த பெரியவர்களை நாம் அறிவோம். எழுதுவதற்கு இன்னொரு பிரதி வேண்டும் என்ற பாடத்தை அன்றே அது சொல்லிவிட்டது.

1996இல் அமெரிக்காவில் வந்த 'பாம் பைலட்' இன்னும் சுவையானது. இரண்டு சிறிய பென்சில் செல்களில் வாரக்கணக்கில் ஓடியது. அதன் நினைவகம் 128 கிலோபைட்தான். இன்று நாம் அனுப்பும் ஒரு சாதாரண புகைப்படம் கூட அதில் அடங்காது. ஆனாலும் இலட்சக்கணக்கானோர் அதைக் கொண்டு தங்கள் நாளை நடத்தினார்கள். அதை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவியைச் செய்வதற்கு முன் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது தேதி கேட்டால் கட்டையை எடுத்து, அதில் பார்ப்பது போலப் பார்ப்பார். எதற்காக அதை எடுக்கிறோம், எதற்கு எடுப்பதே இல்லை என்று இப்படித்தான் கண்டுகொண்டார். தேவையில்லாதவை கருவியிலிருந்து கழிந்தன.

இந்த மரக்கட்டை வேலையை நமது பிள்ளைகளும் செய்யலாம். செலவு முப்பது ரூபாய். பையில் அடங்கும் ஒரு சிறு நோட்டு வாங்கிக் கொடுங்கள். கல்லூரி திறந்த முதல் இரண்டு வாரம், "இப்போது கையில் ஒரு கருவி இருந்தால் நல்லது" என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் எதற்காக என்று அதில் ஒரு வரி எழுதட்டும். ஒப்படைப்புத் தேதி, பஸ் நேரம், பேராசிரியர் சொன்ன புத்தகத்தின் பெயர், பி.டி.எஃப். படிக்க வேண்டியது, கட்டணம் கட்ட வேண்டிய நாள் என்று எதுவானாலும் சரி. பதினான்கு நாள் முடிந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து அதைப் படித்தால், எதை வாங்குவது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

இரண்டு ஊர்களிலும் மாணவர்களின் நாள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ராஜபாளையத்திலேயே வீடும், ராஜூக்கள் கல்லூரியில் கலைப் பாடமும் என்றால், நோட்டில் பெரும்பாலும் தேதிகள்தான் இருக்கும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வரும் பொறியியல் மாணவருக்குப் போக வர கணிசமான நேரம் பயணத்தில் கழியும், அவர் நோட்டில் "பி.டி.எஃப். படிக்க" என்பது அடிக்கடி வரும். விடுதியில் தங்கியிருக்கும் மாணவிக்கு வகுப்பில் போன் கூடாது என்ற விதி இருக்கலாம். அவருக்கு எந்தக் கருவி வாங்கினாலும் பகலில் காகித நோட்டுதான் குறிப்பேடு.

தேதிகள் மட்டும்தான் என்றால்

நோட்டில் தேதிகளும் நினைவூட்டல்களும் மட்டுமே இருந்தால், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்பதே நமது கருத்து. அலமாரியில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் போதும். அதுவும் இல்லையென்றால் பட்டன் போனிலேயே நாள்காட்டியும் அலாரமும் உண்டு. இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பேட்டரியும் பல நாள் நிற்கும். இதைக் கௌரவக் குறைவாகப் பார்க்கும் பிள்ளைகளிடம் பாம் பைலட்டின் 128 கிலோபைட்டைச் சொல்லிப் பார்க்கலாம். கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

பழைய போனில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று பேட்டரி. லித்தியம் பேட்டரி சில நூறு முறை முழுதாக ஏறி இறங்கினால் அதன் கொள்ளளவு குறைந்துவிடும். மதியத்துக்குள் அணைந்துவிடும் போன் நினைவூட்டாது. பேட்டரியை மட்டும் மாற்றினால் பல போன்கள் இன்னும் இரண்டு ஆண்டு உழைக்கும். மற்றொன்று பாதுகாப்பு அப்டேட். அமைப்புகளில் போய்க் கடைசியாக எந்த மாதம் அப்டேட் வந்தது என்று பாருங்கள். பல ஆண்டு முன்பே நின்றுபோயிருந்தால், அதில் வங்கிச் செயலியோ பணப் பரிமாற்றமோ வைக்காமல் குறிப்பேடாக மட்டும் பயன்படுத்தலாம்.

படிக்கவும் வேண்டும் என்றால்

பி.டி.எஃப். அதிகம் படிக்க வேண்டிய மாணவருக்குத் திரையின் அகலம்தான் முக்கியம். ஏ-4 தாளின் அகலம் 21 செ.மீ. சாதாரண போனின் திரை அகலம் சுமார் 7 செ.மீ. அப்படியென்றால் எழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஓடும் பஸ்ஸில் அதைப் பெரிதாக்கி, நகர்த்தி, மீண்டும் பெரிதாக்கி யாரும் ஒரு பாடத்தை முடிக்கப் போவதில்லை. பத்து அங்குலக் கைக்கணினியை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 13 செ.மீ.யைத் தாண்டும். எட்டு, ஒன்பது அங்குலம் நடுவில் நிற்கிறது. பையிலும் அடங்கும், கண்ணுக்கும் தாங்கும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு நமது வாக்கு இந்த அளவுக்கே.

புதிதாக வாங்கும் கைக்கணினியில் 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு என்பதற்குக் கீழே இறங்க வேண்டாம். 32 ஜி.பி. என்று விற்பதில் பெரும் பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். சிம் போடும் மாடலுக்குக் கூடுதல் விலை. வீட்டில் ஒரு போனில் ஏற்கெனவே நெட் இருக்கிறது; ஹாட்ஸ்பாட் போட்டால் வைஃபை மாடல் போதும். பேனாவால் எழுதலாம் என்ற விளம்பரத்தைக் குறைந்த விலைக் கருவிகளில் நம்ப வேண்டாம். கை திரையில் பட்டவுடன் கோடு இழுத்துவிடும். கணக்கையும் படத்தையும் காகிதத்தில் போட்டு, கூகுள் டிரைவ் செயலியில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது இலகு.

விலையைக் குறைத்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் கருவி கருவியாகவே இருக்காது. 2011 அக்டோபரில் மத்திய அரசு அறிமுகப்படுத்திய 'ஆகாஷ்' கைக்கணினி நினைவிருக்கலாம். அரசுக்கு ஒன்றின் விலை 2,276 ரூபாய். உலகமே வியந்தது. 256 எம்.பி. ரேம், அழுத்தினால்தான் உணரும் திரை, சில மணி நேரமே தாங்கும் பேட்டரி. வாங்கிய மாணவர்கள் சில நாளில் ஓரமாக வைத்துவிட்டார்கள். மறு ஆண்டே திரையையும் வேகத்தையும் மாற்றி இரண்டாம் பதிப்பு வெளியிட வேண்டிவந்தது. இன்று ஆன்லைனில் பெயர் தெரியாத பிராண்டுகளில் நான்காயிரத்துக்குக் கிடைக்கும் கைக்கணினிகளைப் பார்க்கும்போது நமக்கு ஆகாஷ்தான் நினைவுக்கு வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில் அப்படி ஒன்றை வாங்கினார்கள். பெட்டியில் 8 ஜி.பி. ரேம் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இரண்டுதான். திருப்பி அனுப்பும் நாள் கடந்த பிறகுதான் தெரிந்தது. எனவே பெட்டியைத் திறந்த அன்றே அமைப்புகளில் ரேம், சேமிப்பு, மாடல் எண் மூன்றையும் பெட்டியோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

வேறொரு நல்ல முயற்சியும் நமது நாட்டில் நடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கணினியை உருவாக்கினார்கள். 2004இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அதை 'அமிடா' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு. கருவி ஒன்று, பயன்படுத்துவோர் பலர் என்பது அதன் அடிப்படை எண்ணம். விலை எதிர்பார்த்தபடி குறையவில்லை, விற்பனையும் சில ஆயிரங்களோடு நின்றது. ஆனால் அந்த எண்ணம் நமது வீடுகளுக்கு இன்றும் பொருந்தும். பல ஆண்ட்ராய்டு கைக்கணினிகளில் தனித்தனி பயனர் கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அக்காவும் தம்பியும் படிக்கும் வீட்டில் இரண்டு மலிவான கருவிக்குப் பதிலாக ஒரு நல்ல கருவி வாங்கி, இருவருக்கும் தனிக் கணக்கு போட்டுக் கொடுக்கலாம். யார் எப்போது எடுப்பது என்ற சண்டைக்கு நம்மிடம் தீர்வு இல்லை.

பணம் எங்கிருந்து

முதலில், வாங்காமலேயே கிடைக்குமா என்று பாருங்கள். 2025-26 தமிழக பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. உங்கள் பிள்ளையின் கல்லூரி, படிப்பு, ஆண்டு அதில் வருகிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியிலும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரி சேர்ந்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. பஸ், சாப்பாடு போக அதில் பாதியை ஒதுக்கினாலும் ஓர் ஆண்டில் ஆறாயிரம் சேரும். முதல் ஆண்டு நோட்டும் பழைய போனும், இரண்டாம் ஆண்டு கைக்கணினி என்று திட்டமிட்டால் கடன் இல்லாமலேயே முடியும். முதல் பருவத்திலேயே எல்லாம் வேண்டும் என்று எந்தக் கல்லூரியும் கட்டாயப்படுத்துவது அரிது.

தவணை விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வட்டியில் பேணுதலாக இருக்கும் நமது குடும்பங்கள் கூட 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்ற பெயரைப் பார்த்து, இதில் வட்டி இல்லை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகின்றன. பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை, அது வேறு பெயரில் மறைக்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதன் பிறகு முறை மாறியது. வங்கி வட்டி போடும். அந்த வட்டியின் அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி தருவார். வட்டி அங்கேயே இருக்கிறது, ரசீதில் இன்னொரு வரியில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15,000 ரூபாய், ஆண்டுக்கு 15 சதவீதம், 12 மாதம். மாதத் தவணை சுமார் 1,354. மொத்தம் 16,247; வட்டி 1,247 ரூபாய். 'நோ காஸ்ட்' என்றால் இந்த 1,247ஐத் தள்ளுபடியாகத் தருவார்கள். ஆனால் கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சுமார் 224 ரூபாய் நம் கையிலிருந்துதான் போகும். செயலாக்கக் கட்டணம் 199 என்று வைத்துக்கொண்டால், அதற்கும் வரி சேர்த்து 235. செலவில்லாத் தவணையின் செலவு 459 ரூபாய். ரொக்கமாகக் கேட்டால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி வேறு. கடையிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் நிதி நிறுவனத்திடம் வாங்கினால், தவணை நாளில் கணக்கில் பணம் இல்லாதபோது நிறுவனம் ஓர் அபராதமும் வங்கி ஓர் அபராதமும் போடும். மில் சம்பளம் ஏழாம் தேதி, தவணை ஐந்தாம் தேதி என்றிருந்த ஒரு வீட்டில் இது மாதாமாதம் நடந்தது. மார்க்கச் சட்டப்படி இதன் நிலை என்ன என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம், தவணை ஒப்பந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள். விளம்பரத்தைக் காட்டி அல்ல. பைத்துல்மால் செயல்படும் மஹல்லாவாக இருந்தால் வட்டியில்லாக் கடன் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். சொந்தத்தில் ஒருவரிடம் வாங்கி மாதம் ஆயிரமாகத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. அப்படி வாங்கினால் தொகையையும் தேதியையும் எழுதிக் கொடுத்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

பழையது வாங்கினால்

பயன்படுத்திய கருவி பாதி விலைக்குக் கிடைக்கும். தவறும் அங்கேதான் அதிகம் நடக்கும். போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். குறுஞ்செய்தியில் கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணை எழுதி, 14422க்கு அனுப்புங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். தடை செய்யப்பட்டது என்றோ போலி எண் என்றோ வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாமல் வாங்க வேண்டாம்.

வைஃபை மட்டுமுள்ள கைக்கணினிக்கு இந்த எண் இருக்காது, பில்தான் ஆதாரம். இரண்டிலும் விற்பவர் முன்னிலையிலேயே அவருடைய கூகுள் கணக்கை நீக்கச் சொல்லி, பிறகு ரீசெட் செய்து, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்த பின்பே பணம் கொடுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்த கருவி, பழைய உரிமையாளரின் கடவுச்சொல் இல்லாமல் திறக்காது. சார்ஜர் சொருகும் இடத்தையும் ஆட்டிப் பாருங்கள். திரை உடைந்து மாற்றினால் கருவியின் விலையில் பெரும் பங்கு போய்விடும் என்பதால், கீறல் விழுந்த திரையைக் "கண்ணாடிதான்" என்று சொன்னால் ஏற்க வேண்டாம். வாங்கிய பிறகு சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவருக்குள் வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தைப் பிள்ளைகள் விட வேண்டும். பேட்டரி உப்பிப்போகும் காரணங்களில் சூடும் ஒன்று.

வாங்கிய அன்று மாலை

எந்தக் கருவியானாலும், அன்று மாலையே ஒரு மணி நேரம் ஒதுக்கி அதைக் குறிப்பேடாக்கிவிட வேண்டும். மறுநாள் என்றால் அது விளையாட்டுச் சாமானாகிவிடும். நாள்காட்டிச் செயலியில் வகுப்பு அட்டவணை, தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள், உதவித்தொகை விண்ணப்ப நாள், பஸ் பாஸ் முடியும் நாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நினைவூட்டல்: ஏழு நாள் முன்பு ஒன்று, முந்தின நாள் ஒன்று. உதவித்தொகைக்கு மட்டும் ஒரு மாதம் முன்பே வையுங்கள். வருமானச் சான்று வாங்க இ-சேவை மையத்துக்கு அலைய நாள் வேண்டும். தமிழில் தட்டச்சு செய்யச் சிரமமென்றால் விசைப்பலகையில் மைக்கை அழுத்திப் பேசினாலே எழுதிக்கொள்ளும்.

குறைந்த விலை போன்களில் ஒரு கோளாறு. பேட்டரியை மிச்சப்படுத்துவதாகச் சொல்லிப் பின்னணியில் இருக்கும் செயலிகளை அதுவே நிறுத்திவிடும், நினைவூட்டல் ஒலிக்காது. அமைப்புகளில் நாள்காட்டிச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றிவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஒலிக்கும்படி ஒரு சோதனை நினைவூட்டல் வைத்து, திரையை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.

மதிப்பெண் பட்டியல்களை டிஜிலாக்கரில் எடுத்து வையுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஒரே கோப்புறையில் போடுங்கள், 15 ஜி.பி. வரை இலவசம். கருவி தொலைந்தாலும் அவை தொலையாது. கடவுச்சொல்லை மட்டும் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

முதலில் சொன்ன மாணவர் இப்போது மூன்றாம் ஆண்டு. போன் அதே பதினெட்டாயிரம் ரூபாய் போன்தான், தவணை முடிந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அன்று இரவுக்குள் அதிலுள்ள தேதியை நாள்காட்டியில் ஏற்றிவிட்டுப் படத்தை அழித்துவிடுகிறார். உதவித்தொகைத் தேதியை மட்டும் அம்மாவின் பட்டன் போனிலும் அலாரமாக வைத்திருக்கிறார்.